ஒரு நாள் ஊக்கப் பயிற்சி முகாம்: பள்ளிக்கூடம் காசு கொடுத்து வாங்கலாமா?

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் பாளையங்கோட்டை, வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பள்ளி அலுவலகங்களுக்கு ஒரே மாதிரி வழவழப்பு நோட்டீஸ் வந்து சேரும். பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் ஊக்கப் பயிற்சி, காலை ஒன்பதரை முதல் மாலை நாலு வரை, மதியச் சாப்பாடு பள்ளி பொறுப்பு. நடத்துகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே யார் பேரையும் இழுக்காமல் சரக்கை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறோம். காசோலையில் கையெழுத்துப் போடப்போவது தலைமையாசிரியரோ, நிர்வாகமோ, பெற்றோர் ஆசிரியர் கழகமோ, யாராக இருந்தாலும் போடுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

தீர்ப்பு இதுதான்: ஆறரை மணி நேரத்தில் உருப்படி என்று சொல்லத்தக்கது ஒன்றரை மணி நேரம். மிச்சத்தில் பாதி பொழுதுபோக்கு, அதனால் கெடுதல் இல்லை. இன்னொரு பாதி கெடுதல்.

கெடுதலான பகுதியில் தொடங்குவோம், ஏனென்றால் நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பதும் பெற்றோர் கூட்டத்தில் கைதட்டு வாங்குவதும் அதுதான். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரை மணி வாக்கில் ஜன்னலைச் சாத்துவார்கள். ஸ்பீக்கரில் சோகமாக ஒரு குழலிசை. "கண்ணை மூடு. உன் அம்மா உனக்காக எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் தெரியுமா? அவள் செத்துக் கிடப்பதாக நினைத்துப் பார்." பத்து நிமிஷத்தில் முன்வரிசை விசும்பும், இருபதாவது நிமிஷத்தில் அரங்கமே அழும். ஒன்றிரண்டு பிள்ளைகள் மயங்கி விழுவதும் உண்டு; டீச்சர்கள் தண்ணீர் பாட்டிலோடு ஓடுவார்கள். சில முகாம்களில் பெற்றோரை வரவழைத்து பாதபூஜையும் நடக்கும். எல்லாரும் நெகிழ்ந்து போவார்கள். நிர்வாகி "நல்லா டச் பண்ணிட்டாரு" என்பார்.

என்ன நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மனித உந்துதலைப் பற்றி நாற்பது ஐம்பது வருஷம் ஆராய்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் அதை ஒரு படிவரிசையாகப் பிரித்தார்கள். அடி வாங்காமலிருக்கவோ பரிசு வாங்கவோ செய்வது முதல் படி. செய்யாவிட்டால் குற்றவுணர்ச்சி அரிக்கும் என்பதற்காகச் செய்வது இரண்டாவது. இது எனக்கு வேண்டும் என்று தானே ஏற்றுக்கொண்டு செய்வது அதற்கும் மேலே. செய்வதே பிடித்துப்போய்ச் செய்வது உச்சிப்படி. அழ வைக்கும் பகுதி பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது இரண்டாவது படியில். ரையனும் கானலும் 1989இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளிடையே கண்டது இது: குற்றவுணர்ச்சியால் படிக்கிற பிள்ளையும் முயற்சி போடுகிறது, வெளியே இருந்து பார்த்தால் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். ஆனால் பதற்றம் கூடுதல், தோல்வி வந்தால் தாங்குவது குறைவு. மதிப்பெண் குறைந்த அன்று அந்தப் பிள்ளை "இந்த வினாவில் எங்கே விட்டேன்" என்று கேட்காது. "அம்மாவுக்குத் துரோகம் பண்ணிட்டேன்" என்றுதான் சுருளும். மே மாதத்தில் முடிவு வரும் வாரத்தில் 104, 14416 என்ற மனநல உதவி எண்களை ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப் போடுகிற மாநிலத்தில், டிசம்பரில் இந்த விதையை நாமே காசு கொடுத்துத் தூவ வேண்டுமா?

இன்னொன்று. முக்கூடல் பக்கத்துப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அம்மாவின் கஷ்டத்தை வெளியூர்க்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை. தட்டை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்குக் கணக்குப் பார்க்கிற விரலை அது தினமும் பார்க்கிறது. பாதிப் பிள்ளைகள் ராத்திரி கூட உட்கார்ந்து வேலையும் செய்கிறார்கள். தெரிந்ததையே இசை போட்டுச் சொல்லி அழ வைப்பது பயிற்சி ஆகாது. ஒப்பந்தம் பேசும்போதே இந்தப் பகுதியை வெட்டச் சொல்லுங்கள். "அதுதான் சார் நம்ம ஹைலைட்" என்று இழுப்பார்கள். அப்படி இழுத்தால் முகாமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கண்ணாடித் துண்டு மேல் நடக்க வைக்கிற வித்தை நிகழ்ச்சி நிரலில் இருந்தாலும் அதே பதில்தான். அதற்கு விளக்கமே தேவையில்லை.

அடுத்தது இலக்குத் தாள். வண்ண அட்டையில் "என் இலக்கு 580/600" என்று பிளஸ் டூ பிள்ளையும், "480/500" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையும் எழுதி, கண்ணை மூடி, முதல் மதிப்பெண் வாங்கி மேடை ஏறுவது போலக் கற்பனை செய்து, வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். பார்க்கப் பாதகமில்லாத வேலைதான். பாம், டெய்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். நல்ல மதிப்பெண் வந்துவிட்டதாகக் கற்பனை செய்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தவர்கள் அதிக நேரம் படித்தார்கள், மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள். வெற்றியை மனசுக்குள் முன்கூட்டியே சாப்பிட்டுவிட்டால் பசி அடங்கிவிடும்.

காலாண்டில் கணக்கில் 18 வாங்கிய பையன் 480 என்று எழுதும்போது அவன் நம்பி எழுதவில்லை, பக்கத்தில் இருப்பவன் எழுதியதைப் பார்த்து எழுதுகிறான். அவனுக்குத் தேவை 35. அந்த 35 எங்கிருந்து வரும் என்று, இலக்குத் தாளுக்குச் செலவான நேரத்தில் காட்டியிருந்தால் அது ஊக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண் 10. ஐந்து மதிப்பெண் 10. கடைசியில் ஜாமெட்ரி ஒன்று, கிராஃப் ஒன்று, தலா 8. ஜாமெட்ரியும் கிராஃபும் சேர்ந்து 16. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண்ணில் 9. இரண்டு மதிப்பெண் வினா ஐந்து சரியாகப் போட்டால் 10. கூட்டினால் 35. கணக்கு வாத்தியார்கள் எல்லாருக்கும் இது மனப்பாடம். ஆனால் பையனிடம் யாரும் இப்படித் தாளில் எழுதிக் காட்டுவதில்லை. "இன்னும் நல்லா படில" என்பதோடு நின்றுவிடுகிறது.

அந்த 16ஐயும் மேலோட்டமாகச் சொன்னால் போதாது. ஜாமெட்ரியில் அடிப்பக்கமும் உச்சிக் கோணமும் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்கிற கணக்கில் பிள்ளைகள் சறுக்குவது மூன்றே இடத்தில்: உதவிப்படம் போடாமல் விடுவது, கோணத்தை அடிப்பக்கத்துக்குக் கீழே வரைவதற்குப் பதில் மேலே வரைவது, காம்பஸின் திருகு லூசாக இருப்பதால் வட்டம் அடிப்பக்கத்தின் இரண்டு முனையையும் தொடாமல் விலகிப் போவது. மூன்றாவதற்கு வேண்டியது புது காம்பஸ், அவ்வளவுதான். முகாம் செலவில் ஒரு துளி அதற்குப் போதும். கிராஃபில் கோடு சரியாக வந்தும் அளவுத்திட்டம் எழுதாமல் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருவார்கள். இந்த ஓட்டைகளை அடைத்து, தொடர்ந்து நாலு கணக்கு சரியாக வந்த அன்றைக்கு அந்தப் பையனின் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்குப் பல ஊற்றுகளைச் சொன்னார். அதில் வலுவானது கையால் செய்து ஜெயித்த அனுபவம், பேச்சு அதற்கு ரொம்பக் கீழே.

ஆகவே இலக்குத் தாளை வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் மூன்று வரி: எப்போது, எங்கே, எதை. "ராத்திரி சாப்பிட்டுத் தட்டு கழுவி வைத்ததும், வாசல் திண்ணையில், ஒரு கிராஃப்." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த மாதிரித் திட்டத்தைப் பல ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தார், வெறும் உறுதிமொழியைவிட, நேரமும் இடமும் கட்டிப்போட்ட திட்டம்தான் நடக்கிறது. எழுதும்போது கவனிக்க வேண்டியது, "எப்போது" என்ற இடத்தில் "எட்டு மணிக்கு" என்று போட விடக் கூடாது. வீட்டில் எட்டு மணி என்பது தினம் ஒரு மாதிரி. விருந்தாளி வருவார், கரண்ட் போகும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட வேண்டும். தட்டு கழுவுவது தினமும் நடக்கும்.

காலைப் பகுதியில் நினைவாற்றல் வித்தை இருக்கும். இருபது பொருளைச் சொல்லச் சொல்லி வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். பாடத்துக்கு இதனால் ஆவது கொஞ்சம்தான். அதே முக்கால் மணி நேரத்தில் அறிவியல் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படித்து, மூடி, நினைவில் இருப்பதை எழுதி, திறந்து சரிபார்க்க வைத்தால் அது சொத்து. ரோடிகர், கார்பிக்கி என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டியது: ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் மூடி வைத்து நினைவுபடுத்திப் பார்த்தவர்கள் முந்துகிறார்கள். படித்தும் மறந்து போகிறது என்று சோர்ந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. இதைச் செய்து காட்டுகிற பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

எழுச்சி உரையில் பெரிய மனிதர் கதைகள் வரும். ராமேஸ்வரத்தில் பேப்பர் போட்டவர், கிரிக்கெட்காரர், வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தன்னைப் போல இருக்கிறவர் செய்ததைப் பார்த்தால்தான் பிள்ளைக்கு "நமக்கும் வரும்" என்று படும். அதே பள்ளியில் மூன்று வருஷம் முன் படித்து, சுமாரான மதிப்பெண்ணில் பாலிடெக்னிக் போய், இப்போது வேலையில் இருக்கிற அண்ணன் பத்து நிமிஷம் பேசினால் போதும். எந்தப் பாடத்தில் தடுக்கினான், ஃபீஸுக்கு என்ன செய்தான், எந்த பஸ்ஸில் போனான் என்று பேச வேண்டும். முகாம்காரர்கள் முன்னாள் மாணவர்களை அழைத்து வரச் சொன்னால் அந்தப் பகுதிக்கு தாராளமாக நேரம் கொடுங்கள். உருப்படியான ஒன்றரை மணியில் முக்கால் மணி அதற்குப் போகலாம்.

பரிசு விஷயத்தை நீட்ட வேண்டாம். சரியான பதிலுக்கு சாக்லேட், ஸ்டார், சான்றிதழ் என்று நாள் முழுக்க வீசுவார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973இல் மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு பிரசித்தம்: படம் வரையப் பிடித்த பிள்ளைகளிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவேன்" என்று முன்கூட்டிச் சொல்லித் தந்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் வரைகிற நேரம் மற்றவர்களுடையதில் பாதியாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு அந்தக் குறைவு இல்லை. அதற்காகப் பரிசே பாவம் என்று போக வேண்டாம். பிடிக்காத, சலிப்பான வேலைக்கு சாக்லேட் கொடுத்தால் கெட்டுப்போக அங்கே ஆர்வமே இல்லை. தடையை அகற்றுகிற பணமும் வேறு ரகம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற தேசிய உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருஷம் 12,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000. இவை படிப்பைத் தொடர வழி திறக்கிறவை. இந்த விவரங்களை முகாமில் யாரும் சொல்வதில்லை என்பது பெரிய குறை.

குழு விளையாட்டில் நம் ஊருக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை இருக்கிறது, வெளியூர்ப் பயிற்சியாளருக்கு அது தெரியாது. குழுக்களுக்குச் சேரர், சோழர், பாண்டியர் என்று பேர் வைப்பார்கள். மற்ற மாவட்டத்தில் அது வெறும் பேர். இங்கே எந்தச் சாதி பாண்டியர் வாரிசு என்பது ஃபிளக்ஸ் போர்டில் அடித்துக்கொள்கிற விஷயம். மத்தியானத்துக்குள் வகுப்பில் முணுமுணுப்பு கிளம்பும். தாமிரபரணி, மணிமுத்தாறு, கடனா, பச்சையாறு, சிற்றாறு என்று ஆற்றுப் பேர் வைக்கச் சொல்லுங்கள். கேப்டன்கள் ஆள் பொறுக்குவதும் வேண்டாம். கடைசியில் மிஞ்சுகிற பிள்ளை எப்போதும் ஒரே பிள்ளைதான், ஏன் மிஞ்சுகிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டு வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பிரித்தால் முடிந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப் பகையில் சக மாணவர்களால் வெட்டப்பட்டதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும் அகர வரிசையில் உட்கார வைக்கவும் சொன்னது. இதை ஒழுங்கு நடவடிக்கை என்று மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. இந்த வகுப்பில் தனக்கு இடம் இருக்கிறது என்று தோன்றாத பிள்ளைக்குப் படிப்பில் மனசு ஒட்டாது; அப்படி இடம் இருப்பது டெசி, ரையன் சொன்ன மூன்று அடிப்படைத் தேவைகளில் ஒன்று. மற்ற இரண்டு, தானே தீர்மானிக்கிற இடமும் முடிகிறது என்ற உணர்வும். மூன்றில் எதையும் மைக்கில் கத்தி வரவழைக்க முடியாது.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்தாகிவிட்டதா? அப்படியானால் நாளை இப்படி மாற்றிக் கேளுங்கள். அறுநூறு பேரைப் பிரார்த்தனைத் திடலில் உட்கார வைக்காமல் அறுபது அறுபது பேராக வகுப்பறையில். மூடி வைத்து எழுதிப் பார்க்கிற பயிற்சிக்கு முக்கால் மணி, முன்னாள் மாணவருக்கு முக்கால் மணி, மூன்று வரித் திட்டத்துக்கு அரை மணி. பிறகு ஒரு சின்ன எழுத்து வேலை: பாடத்தில் ஒரு பகுதியை எடுத்து, அது தன் வீட்டோடோ ஊரோடோ எங்கே தொடுகிறது என்று பிள்ளையே ஐந்தாறு வரி எழுத வேண்டும். ராதாபுரம் பக்கத்துப் பிள்ளைக்கு அணுக்கரு இயற்பியல் என்றால் கூடங்குளம், மின்னோட்டவியல் என்றால் காற்றாலையும் தோட்டத்து மோட்டாரும். ஹல்லமன், ஹராகிவிச் 2009இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இதைச் செய்து பார்த்தார்கள்; தேற மாட்டோம் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்குத்தான் ஆர்வமும் மதிப்பெண்ணும் கூடின. பயன் என்ன என்று நாமே சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது, பிள்ளை தானே கண்டுபிடித்து எழுத வேண்டும்.

மதியத்துக்கு மேல் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆசிரியர்களோடு ஒன்றரை மணி உட்காரச் சொல்லுங்கள். அங்கே பேச வேண்டியதில் முக்கியமானது விடைத்தாள் திருப்பிக் கொடுக்கிற முறை. ரூத் பட்லர் 1988இல் செய்த ஆய்வில், குறிப்பு மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் கொடுத்தாலும், மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துக் கொடுத்தாலும் அந்த முன்னேற்றம் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் பார்ப்பதில்லை. ஆகவே அரையாண்டுத் தாளை முதல் நாள் ஒரு வரிக் குறிப்போடு மட்டும் கொடுத்து, மதிப்பெண்ணை இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம். விடைக்குப் பக்கத்திலேயே மதிப்பெண் போட்டால் பிள்ளைகள் கூட்டிக் கண்டுபிடித்துவிடும். தனி நோட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். குறிப்பும் "முயற்சி தேவை" என்று இருந்தால் பயனில்லை. "அளவுத்திட்டம் எழுதவில்லை, நாளை ஒரு கிராஃப் போட்டுக் காட்டு" என்று இருக்க வேண்டும். பாராட்டும் அப்படியே: "நீ மூளைக்காரன்ல" என்று புகழப்பட்ட பிள்ளை அடுத்த கஷ்டமான கணக்கைத் தவிர்க்கும் என்று முல்லர், டுவெக் 1998இலேயே காட்டிவிட்டார்கள். எந்த வழியில் போட்டான் என்பதைச் சொல்லிப் பாராட்டினால் அந்தச் சிக்கல் இல்லை.

மெல்லக் கற்போர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதையும் அதே கூட்டத்தில் நிறுத்திவிடுங்கள். மாலைச் சிறப்பு வகுப்புக்கு நிற்காமல் ஓடுகிற பிள்ளையிடம் ஆர்வம் இல்லை என்று எழுதுவதற்கு முன், அந்த ஊருக்குக் கடைசி மினி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டும். ஐந்தரைக்கு பஸ் என்றால் வகுப்பைக் காலையில் வைத்தால் தீர்ந்தது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும். அழுகைப் பகுதி கிடையாது. மூன்று வாரம் கழித்து ஒரு மணி நேரம், ஆறு வாரம் கழித்து ஒரு மணி நேரம் அதே பயிற்சியாளர் திரும்ப வந்து மூன்று வரித் திட்டத்தைப் பிள்ளைகளோடு பார்த்து மாற்றித் தர வேண்டும். கட்டணத்தில் பாதி இரண்டாவது வருகை முடிந்த பிறகுதான். தேதியும் டிசம்பர் வேண்டாம், ஜூலை கடைசி வாரம் கேளுங்கள். திருத்திக்கொள்ள காலாண்டு, அரையாண்டு இரண்டும் பாக்கி இருக்கும். அவர்களுக்கும் அப்போது சீசன் இல்லை, கேட்ட விலையில் இறங்கி வருவார்கள்.